சந்தைக் குதிரையும் சர்க்கார் பரிசோதனையும்

ஆடி மாதத்தில் சங்கரன்கோவிலில் தபசுத் திருவிழாவுக்கு ஜனங்கள் திரளுவதுபோல், அதே மாதத்தில் ஈரோடு ஜில்லாவில் அந்தியூரை அடுத்த புதுப்பாளையம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவுக்கும் பெருங்கூட்டம் திரளுகிறது. அங்கே வருவோரில் ஒரு சாரார் குதிரை வாங்கவும் விற்கவும் வருபவர்கள். தமிழ்நாட்டில் குதிரைக்குப் பெயர்பெற்ற சந்தை அது. கத்தியவார், மார்வார் ஜாதிக் குதிரைகளும் மட்டக் குதிரைகளும் அங்கே வரிசையாகக் கட்டப்படுகின்றன. சங்கரன்கோவில் பக்கத்துக் குடியானவர்களுக்கு இதைவிடப் பழக்கமான பெயர் கழுகுமலை மாட்டுத்தாவணி. எனினும் வண்டிக்கும் பந்தயத்துக்கும் கோயில் காரியத்துக்கும் குதிரை வாங்குகிறவர்கள் இப்பக்கத்திலும் இருக்கிறார்கள். மேலும், குதிரை விஷயத்தில் சொல்லப்படும் நியாயம் எருதுக்கும் கறவை மாட்டுக்கும் அப்படியே பொருந்தும். ஆகையால் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் யாவரும் இதைக் கவனிப்பது நலம்.

சந்தையில் குதிரை வாங்கப்படும் விதம் எல்லோரும் அறிந்ததே. முதலில் சுழி பார்க்கப்படும். மாட்டுக்குப் பாடைச்சுழியும் துடைப்பச்சுழியும் ஆகாவென்று தள்ளுவதுபோல், குதிரைக்கும் நெற்றி முதல் வால் வரையில் சுழிக்கணக்கு உண்டு. பிறகு நிறம், அதன்பின் வாயைப் பிளந்து பல். அப்புறம் தரகர் துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு விரல் பிடித்து விலை பேசுவார். சுழிக்கு ஒரு நாழிகை செலவிடும் மனிதர் குளம்பைத் தூக்கிப் பார்க்க ஒரு நிமிஷங்கூடச் செலவிடுவதில்லை. சுழி குதிரையை நொண்டியாக்காது. குளம்பில் உள்ள சீழ் நொண்டியாக்கும். கடன் வாங்கிய பணத்தில் வந்த குதிரை நாலாம் நாள் காலை ஊன்றாமல் நின்றால், தவணை மட்டும் நிற்பதில்லை.

விற்பவர் செய்யும் கபடமும் பிராணிக்கு நேரும் வதையும் வெவ்வேறு விஷயங்கள் என்று பலர் எண்ணுகின்றனர். கபடம் வாங்குபவனுடைய நஷ்டமென்றும், வதை இரக்கமுள்ளவர்களின் கவலையென்றும் பிரித்துப் பேசுவர். சந்தையிலோ இவை இரண்டும் ஒன்றே. சோர்ந்த குதிரை துடிப்புடன் நிற்பதற்காக அதன் வாலடியில் இஞ்சியோ மிளகாயோ வைப்பது மேல்நாட்டுக் குதிரை வியாபாரிகளின் பழைய தந்திரம். கிழக் குதிரையை இளங்குதிரையாக்குவதற்கு அதன் பல்லைக் குடைந்து சுட்டுக் கறுப்புக் குழி உண்டாக்குவதும் அத்தகையதே. நொண்டலை மறைக்க வலி தெரியாத மருந்து கொடுப்பார்கள். முரட்டுத்தனத்தை மறைக்க மயக்கமருந்து கொடுப்பார்கள். இவற்றில் ஏமாறுகிறவன் ஒருவன், துன்பப்படுகிற ஜீவன் ஒன்று. ஆகையால் பிராணியின் நலத்தைக் கருதிச் சர்க்கார் செய்யும் பரிசோதனை வாங்குபவனுடைய பணத்துக்கும் காவலாகிறது.

சட்டத்தில் உள்ளது

இந்தியாவில் பிராணி வதையைத் தடுக்கும் பொதுச்சட்டம் முதன்முதல் 1890-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. அது போதாதென்று ராஜ்ய சபையில் தனி அங்கத்தினர் மசோதா கொண்டுவந்தவர் சென்னை கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். அம்முயற்சியின் பயனாகச் சர்க்காரே 1960-ஆம் வருஷத்தில் புதிய சட்டம் இயற்றினர். அதன்கீழ் 1962-இல் பிராணிகள் நல வாரியம் ஏற்பட்டபோது அம்மையாரே அதன் முதல் தலைவராயினர். வாரியத்தின் தலைமைக் காரியாலயம் 2018 வரையில் சென்னையில் இருந்து, பிறகு ஹரியானாவுக்கு மாற்றப்பட்டது.

இச்சட்டத்தின் 11-ஆம் பிரிவை அங்கத்தினர் தெரிந்திருத்தல் வேண்டும். நோயாலோ புண்ணாலோ தகுதியற்ற பிராணியை வேலையில் பூட்டுவது குற்றம். தீங்கு தரும் மருந்தை வேண்டுமென்று கொடுப்பது குற்றம். அங்கஹீனப்படுத்தியதாலோ பட்டினியாலோ தாகத்தாலோ வேறு கொடுமையாலோ வேதனைப்படும் பிராணியை விற்பனைக்கு வைப்பதும் குற்றமே. இந்தக் கடைசி விதி சந்தைக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. கான்ஸ்டேபிளுக்கு மேற்பட்ட எந்தப் போலீஸ் உத்தியோகஸ்தரும் குற்றம் நடந்ததென்று நம்பக் காரணமிருந்தால், 34-ஆம் பிரிவின்படி பிராணியைக் கைப்பற்றி மாஜிஸ்டிரேட்டிடமோ கால்நடை வைத்தியரிடமோ பரிசோதனைக்குக் கொண்டுபோகலாம். ஆனால் 11-ஆம் பிரிவில் முதற்குற்றத்துக்கு விதித்த அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மேற்படாமலும் என்றிருக்கிறது. 1960-இல் 50 ரூபாய்க்கு மதிப்பு இருந்தது. இந்நாளில் அது சந்தையில் குதிரைக்கு ஒருவேளைத் தீவனத்துக்கும் போதாது. அபராதத்துக்கு அஞ்சி ஒருவன் கபடத்தை விடுவான் என்று எதிர்பார்ப்பது வீண்.

வண்டியிழுக்கும் பிராணிகளுக்கு 1965-ஆம் வருஷத்து விதிகள் தனியே உள்ளன. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேலும், இடைவிடாமல் 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கலாகாது. வெயில் 37 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படும் இடத்தில் பகல் 12 மணி முதல் 3 மணி வரையில் பூட்டலாகாது. சித்திரை வைகாசியில் இப்பக்கத்தில் அவ்வளவு வெயில் சாதாரணம். முள் வைத்த கடிவாளமும் முள்ளுக்கோலும் அவ்விதிகளால் விலக்கப்பட்டவை. முள் கடிவாளம் பூட்டிய குதிரை விலைக்கு வந்தால், அது வேறு எதற்கும் அடங்காதென்று விற்பவனே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். கடைவாய் ஓரத்தில் பழைய தழும்பும் நாக்கில் வெட்டும் உண்டா என்று உடனே பார்க்க வேண்டும்.

தொற்று நோயைப் பற்றிய சட்டம் வேறு. குதிரைக்கு வரும் கிளாண்டர்ஸ் என்னும் வியாதிக்காக 1899-லேயே தனிச்சட்டம் இருந்தது. 2009-ஆம் வருஷத்துக் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. மூக்கில் ஒட்டும் சளி வடிதல், மூக்கினுள் புண், தோலின்கீழ்க் கயிறுபோல் முடிச்சு முடிச்சாக வீங்கி உடைதல் ஆகியவை இதன் குறிகள். இது குதிரையிலிருந்து மனிதருக்கும் ஒட்டிக் கொல்லக்கூடியது. மருந்திட்டுக் காப்பாற்ற முயல்வது கூடாது. நோய் உறுதியானால் குதிரையைக் கொன்று புதைக்க வேண்டியதே. இந்தியாவில் வெகுகாலம் அடங்கியிருந்து 2006-இல் மகாராஷ்டிரத்தில் மறுபடி தோன்றி, பிற்பாடு வட மாகாணங்கள் பலவற்றில் காணப்பட்டது. ரத்தப் பரிசோதனையில் இதை முடிவாகச் சொல்லுகிற இடம் ஹரியானாவில் ஹிஸார் நகரத்துக் குதிரை ஆராய்ச்சி நிலையம். வடக்கிலிருந்து குதிரைகள் இறங்கும் சந்தையில் மூக்கொழுகும் குதிரையின் பக்கத்தில் தம் குதிரையைக் கட்டுவதும், ஒரே தொட்டியில் நீர் காட்டுவதும் எவ்வளவு அபாயம் என்பது இதனால் விளங்கும்.

பரிசோதிக்கிறவர் யாருடைய ஆள்?

சட்டம் இருக்கிறது, வைத்தியரும் இருக்கிறார் என்றால் போதுமா? போதாது என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்ததே சாட்சி. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அங்கே டென்னஸி நடைக்குதிரை என்று ஒரு ஜாதி உண்டு. முன்னங்காலை மிக உயரத் தூக்கி வைத்து நடக்கும் குதிரைக்குக் காட்சிகளில் பரிசு. பரிசு பெற்ற குதிரைக்கு விலை. அந்த நடையைப் பழக்கத்தால் வரவழைக்கப் பொறுமை வேண்டும். பொறுமையில்லாதவர்கள் குறுக்குவழி கண்டனர். குளம்புக்கு மேலே உள்ள குறுங்காலில் கடுகெண்ணெய்ச் சத்து, மண்ணெண்ணெய் முதலிய எரிவு மருந்துகளைத் தடவி, மேலே உறைபோட்டுக் கட்டிவைப்பார்கள். தோல் வெந்து ரணமான இடத்தில் சங்கிலி பூட்டுவார்கள். நடக்கும்போது சங்கிலி புண்ணில் அடிக்க, குதிரை வேதனை தாங்காமல் காலை வெடுக்கென்று தூக்கும். அதுவே பரிசுக்குரிய நடை எனப்பட்டது.

இதைத் தடுக்க 1970-இல் குதிரைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ரணப்படுத்திய குதிரையைக் காட்சியிலோ ஏலத்திலோ விற்பனையிலோ கொண்டுவருவது குற்றமாயிற்று. வைத்தியர் குதிரையின் முன்னங்காலைக் கையிலெடுத்து, குறுங்காலைக் கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்திப் பார்ப்பார். வலியிருந்தால் குதிரை காலை இழுக்கும். பிறகு நடக்கவிட்டுப் பார்ப்பார். தழும்பு உண்டா என்றும் பார்ப்பார். ஆனால் இவ்வேலைக்குச் சட்டம் வருஷந்தோறும் சிறு தொகையையே அனுமதித்தது. நாடெங்கும் நடக்கும் காட்சிகளுக்குச் சர்க்கார் வைத்தியரை அனுப்ப அத்தொகை எம்மாத்திரம்? ஆகவே 1976-இல் சட்டத்தைத் திருத்தி, காட்சி நடத்துகிறவர்களே பரிசோதகரை அமர்த்திக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தனர். பரிசோதகருக்குப் பயிற்சியும் உரிமையும் அளிக்கும் பொறுப்பு குதிரைக்காரர்களின் சங்கங்களுக்கே விடப்பட்டது.

விளைவு எப்படியிருந்திருக்கும் என்று கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் எளிதில் ஊகிக்கலாம். அமெரிக்க விவசாய இலாகாவின் தணிக்கைப் பிரிவு 2010-இல் வெளியிட்ட அறிக்கை அதைக் கணக்காகவே காட்டிற்று. 2005 முதல் 2008 வரையில் சர்க்கார் வைத்தியர் நேரில் இருந்த காட்சிகள் நூற்றுக்கு 6 மட்டுமே. ஆனால் சங்கத்துப் பரிசோதகர்கள் எழுதிய குற்றங்களில் நூற்றுக்கு 49 அந்த ஆறு பங்குக் காட்சிகளிலேயே எழுதப்பட்டவை. மற்ற 94 பங்கிலும் குதிரைகள் திடீரென்று சுகப்பட்டுவிட்டனவா? மேலிருந்து பார்ப்பவர் இருந்தபோது பரிசோதகரின் கண் திறந்திருந்தது, இல்லாதபோது மூடிக்கொண்டது என்பதே பொருள். பரிசோதகர்களில் சிலர் தாமே வேறு காட்சிகளில் குதிரை கொண்டுவருகிறவர்கள். இன்று ஒருவன் குதிரையைத் தள்ளினால் நாளை அவன் தம் குதிரையைத் தள்ளுவான் என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. பரிசோதனையில் குதிரை காலை இழுத்தால் அகப்பட்டுக்கொள்ளும் அல்லவா? ஆகவே வீட்டிலேயே பொய்ப் பரிசோதனை நடத்தி, காலை அழுத்தும்போது குதிரை அசைந்தால் அதன் தலையிலும் மூக்கிலும் அடித்துப் பழக்கினர். அடிக்கு அஞ்சி, பரிசோதனை நாளில் குதிரை வலியை விழுங்கிக்கொண்டு அசையாமல் நிற்கும். பரிசோதகர் “குற்றமில்லை” என்று எழுதுவார். பரிசோதனையே வதைக்கு மற்றொரு காரணமாயிற்று! சங்கப் பரிசோதகர் முறையை ஒழித்து, விவசாய இலாகாவின் நேர்ப்பார்வையில் உள்ளவர்களையே நியமிப்பதற்கு 2024 மே மாதத்தில் புதிய விதி வெளியிடப்பட்டது. வழக்குகளாலும் ஒத்திவைப்புகளாலும் அதன் பெரும்பகுதி குறித்த நாளில் அமலுக்கு வரவில்லை.

கூட்டுறவு இயக்கத்தார்க்கு இது புதிய பாடம் அல்ல. சங்கத்தின் கணக்கைக் காரியதரிசியே தணிக்கை செய்துகொள்வதில்லை; பஞ்சாயத்தார் தம் மைத்துனரை அமர்த்தித் தணிக்கை செய்விப்பதும் இல்லை. 1912-ஆம் வருஷத்துக் கூட்டுறவுச் சட்டமே, ரிஜிஸ்திரார் வருஷத்துக்கு ஒரு முறையாவது தணிக்கை செய்ய அல்லது செய்விக்க வேண்டும் என்று விதித்தது. தணிக்கை இலாகா தனியே இருப்பதன் காரணமும் அதுவே. காரியதரிசி யோக்கியர் அல்லர் என்பது இதற்கு அர்த்தம் அல்ல. யோக்கியருடைய கணக்கையும் பிறர் பார்த்தால்தான் அது யோக்கியமானதென்று ஊர் நம்பும்.

நம் தேசத்தில் சந்தைகளுக்கு இத்தகைய ஏற்பாடு செய்ய மத்திய சர்க்கார் 2017 மே 23-இல் கால்நடைச் சந்தை விதிகளை வெளியிட்டனர். ஜில்லா தோறும் சந்தைக் கண்காணிப்புக் கமிட்டி, சந்தையில் கால்நடை வைத்தியர், நிழல், நீர் ஆகிய நல்ல அம்சங்கள் அவற்றில் இருந்தன. ஆனால் அவற்றோடு, இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுக்கும் ஷரத்தும் சேர்ந்திருந்தது. அது பெரிய வழக்குக்கு இடமாயிற்று. ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை மே 30-இல் இடைக்காலத் தடை விதித்தது. சுப்ரீம் கோர்ட் ஜூலை 11-இல் அத்தடை தேசமுழுமைக்கும் உண்டென்றது. நிழலும் தண்ணீரும் வைத்தியரும் அந்த வழக்கில் அகப்பட்டுக்கொண்டது சந்தைப் பிராணிகளின் துரதிருஷ்டம்.

சர்க்கார் வைத்தியர் நேரில் நின்று பரிசோதிக்கும் முறைக்கு நல்ல உதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ஜல்லிக்கட்டை 2014 மே 7-இல் சுப்ரீம் கோர்ட் தடுத்தது. காளைகளின் கண்ணில் மிளகாய் தூவுதல், வாலைக் கடித்தல், சாராயம் புகட்டுதல் முதலியவை அவ்வழக்கில் எடுத்துரைக்கப்பட்டன. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தின் பேரில் விளையாட்டு மீண்டபோது, கால்நடை இலாகா வைத்தியர் ஒவ்வொரு காளையையும் பார்த்த பிறகே வாடிவாசலுக்கு விடவேண்டும் என்று விதியும் உடன் வந்தது. 2023 மே 18-இல் அரசியல் சாசன பெஞ்சு அத்திருத்தத்தை ஒப்புக்கொண்டது. அங்கே வைத்தியர் விழாக் கமிட்டியின் சம்பளக்காரர் அல்லர். விளையாட்டுக் காளைக்கு ஆகிற காரியம் சந்தைக் குதிரைக்கு ஆகாதென்பதற்கில்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

சர்க்கார் பரிசோதனை சந்தைக்கு முழுமையாக வரும்வரையில், கடன் கொடுக்கும் சங்கமே ஒரு பரிசோதனை வைத்துக்கொள்ளலாம். வாங்கும் அங்கத்தினர், சங்கப் பஞ்சாயத்தாரில் ஒருவர், கால்நடை வைத்தியர் ஆகிய மூவரும் சேர்ந்து பிராணியைப் பார்த்த பிறகே கடன் தொகை கைமாற வேண்டும். வைத்தியரைத் தரகர் அழைத்துவரக் கூடாது. இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியாரும் வைத்தியருடைய சர்ட்டிபிகேட் இல்லாமல் ஏற்பதில்லை. ஆகையால் இது அதிகச் செலவும் அன்று.

குதிரையை அது கட்டியுள்ள இடத்திலேயே, நடக்கவிடுமுன் பார்க்க வேண்டும். பல நொண்டல்கள் உடம்பு சூடேறினால் மறைந்துவிடும். விற்பவர் “இப்போதுதான் ஓட்டி வந்தேன்” என்று வியர்வையுடன் நிறுத்தினால், ஒரு மணி நேரம் கட்டிவைக்கச் சொல்லிப் பிறகு பார்க்க வேண்டும். நிற்கும் குதிரை பின்னங்கால்களை மாற்றி மாற்றி இளைப்பாற்றுவது இயல்பே. ஆனால் ஒரு முன்னங்காலை முன்னே நீட்டி ஊன்றாமல் வைத்திருந்தால் அதில் வலி உண்டு. குளம்பைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஒன்று மற்றவற்றைவிடச் சூடாயிருந்தால் சந்தேகிக்க வேண்டும். காலைத் தூக்கி, உள்ளங்குளம்பைச் சுரண்டி முகர்ந்து பார்த்தால் அழுகல் நாற்றம் தெரிந்துவிடும். லாடம் அடித்து அன்றே கொண்டுவந்த குதிரையானால், லாடத்தின் கீழ் என்ன இருக்கிறதென்று லாடக்காரரைக் கொண்டு பார்ப்பது உசிதம்.

பிறகு கெட்டித் தரையில், தலைக்கயிறு தளர்வாகப் பிடித்து, நேராக நடக்கவும் மெதுவாக ஓடவும் செய்ய வேண்டும். முன்னங்கால் நொண்டும் குதிரை, வலியுள்ள கால் தரையில் படும்போது தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலையைத் தாழ்த்தும். கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறவன் இந்தத் தலையசைவை மறைக்கவே அப்படிப் பிடிக்கிறான். சேணம் படும் முதுகிலும் நுகத்தடி உராயும் இடத்திலும் வெள்ளை மயிர் முளைத்திருந்தால், அங்கே பழைய புண் ஆறியிருக்கிறது என்று அறியலாம்.

வயதுக்குப் பல்லே சாட்சி. நடுமுன்பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரப்பற்கள் நாலரையிலும் மாறி முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறையும். கீழ்வரிசைப் பற்களின் குழிகள் ஏறத்தாழ ஆறு, ஏழு, எட்டு வயதில் வரிசையாகத் தேய்ந்து மறையும். பத்து வயதில் மேல் ஓரப்பல்லின் ஈறருகே ஒரு கோடு தோன்றிக் கீழே இறங்கும். பதினைந்தில் பாதியும் இருபதில் முழுவதும் வந்துவிடும். பல்லின் குழியைச் சுட்டு உண்டாக்குகிறவனும் இந்தக் கோட்டை எளிதில் அழிக்க முடியாது.

சுகமான குதிரைக்கு இளைப்பாறும்போது நிமிஷத்துக்கு நாடி 28 முதல் 44 வரையிலும், மூச்சு 8 முதல் 16 வரையிலும் இருக்கும். தாடையின் கீழே விரல் வைத்தால் நாடி தெரியும். மூச்சு மிகுந்து விலா மடிந்து ஏறினால் வேறு குதிரை பார்க்கலாம்.

மருந்தின் மறைவு ஒரு நாளில் கலையக் கூடியது. ஆகையால் விலை முடிந்த பிறகும் தொகையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, மூன்றாம் நாள் குதிரையை மறுபடி நடத்திப் பார்த்துக் கொடுப்பதென்று பேசிக்கொள்ள வேண்டும். யோக்கியமான வியாபாரி இதற்குச் சம்மதிப்பார். சம்மதியாதவரிடம் காரணம் கேட்க வேண்டியதில்லை.

சந்தையில் ரணப்பட்ட குதிரையோ முள் கடிவாளமோ கண்ணில் பட்டால், அங்கத்தினர் விலையைக் குறைத்துக் கேட்பதற்கு அதைச் சாக்காகக் கொள்ளாமல், சந்தையில் உள்ள போலீஸாரிடமோ கால்நடை மருந்தகத்திலோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 2001-ஆம் வருஷத்து விதிகளின்படி ஜில்லா தோறும் ஏற்பட வேண்டிய பிராணி வதைத் தடுப்புச் சங்கத்துக்கும் எழுதலாம். விற்பனை ரசீதில் குதிரையின் நிறம், உயரம், வயது, அடையாளச் சுழி (சுழிக்கும் இங்கே ஒரு பிரயோஜனம் உண்டு), விற்பவருடைய விலாசம், மூன்றாம் நாள் நிபந்தனை ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். அதன் ஒரு பிரதி வைத்தியர் சர்ட்டிபிகேட்டுடன் சங்கத்துக் கட்டில் கடன் மனுவோடு சேர்த்து வைக்கப்படும்.